அம்மாவுக்கு முதியோர் இல்லம் பார்க்கிறேன், அவர் கதைப்பது அங்கே யாருக்கு விளங்கும்?

மூன்றாம் மாடி
ஞாயிறு, இரவு 11.20

இங்கே வாசிக்கிற ஆள்தான் நான், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 81 வயது. யாழ்ப்பாணத்தில் தையல் ரீச்சராக இருந்தவர். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து வெள்ளவத்தைதான். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் பிளட், மூன்றாம் மாடி. லிப்ற் மாதத்தில் நாலைந்து நாள் படுத்துவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "லிப்ற் வேலை செய்யுதோ?" வந்தவர் செருப்பைக் கழற்ற முதல் கேட்பார். பேரப்பிள்ளையின் பெயர் மாறிப்போகிறது, இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

டிமென்ஷியா என்று டொக்டர் சொல்லி மூன்று வருடம். போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஒப்பரேஷன் ஆனது. இப்போது வோக்கர் பிடித்து நடப்பார், பக்கத்தில் ஆள் வேண்டும். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், மகளுக்கு உயர்தரப் பரீட்சை. அண்ணா ரொறன்ரோவில், தங்கச்சி லண்டனில்.

ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தோம். ஒரு நாளைக்கு 3,500 ரூபா, சாப்பாடும் தங்கலும் எங்கள் பொறுப்பு. 14 மாதத்தில் ஆறு பேர் வந்து போனார்கள். ஒருவர் சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனவர் போனவர்தான். குறை சொல்ல வரவில்லை, ஆறு பேரில் நாலு பேர் நல்ல மனுசிகள். பிரச்சினை வேறு. அம்மாவிடம் முந்தி நல்ல சந்தைச் சிங்களம் இருந்தது. வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீன்காரரோடு வாதாடி இருபது ரூபாயாவது குறைக்காமல் வீடு திரும்பமாட்டார். அந்தச் சிங்களம் இப்போது முழுக்கப் போய்விட்டது. பிந்திப் படித்த மொழி முந்திப் போவது இந்த வருத்தத்தில் நடக்கிறதுதான் என்றார் டொக்டர். வந்த ஆறு பேரில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் மட்டும், அவரும் மூன்று வாரம்.

ஓகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான்காவதாக வந்தவர் கேகாலைப் பக்கம், ஐம்பது வயதிருக்கும், அம்மாவோடு நல்ல வாரப்பாடு. தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிப் பழகுவார். ஒரு நாள் காலை அம்மா "வெளிக்குப் போகவேணும்" என்றிருக்கிறார். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தப் பெண்ணுக்கோ 'வெளியே' என்றால் என்னவென்று தெரியும், அந்த வாரம்தான் படித்த சொல். சந்தோசமாக அம்மாவுக்குத் தலை இழுத்து, நல்ல ஹவுஸ்கோட்டை மாற்றி, செருப்பைப் போட்டு, வோக்கரோடு லிப்ற் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அம்மா வழி முழுக்க அதையே சொல்ல, இவர் "ஓம் ஓம், வெளிய, வெளிய" என்று தலையாட்டியிருக்கிறார். அன்றைக்கென்று லிப்ற் வேலை செய்தது. கீழே போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே இரண்டாம் மாடி ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்கிய ரீச்சர். அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. அந்தப் பெண் சமையலறைக்குள் இருந்து அழுதார். நான் யாரைக் கோபிப்பது?

அதற்குப் பிறகுதான் இல்லம் பார்க்கத் தொடங்கினேன். மூன்று பார்த்தேன், பெயர் எழுதவில்லை. முதலாவது நுகேகொடைப் பக்கம். டெட்டோல் மணம், பளிங்குத் தரை. காலை பத்து மணிக்குப் பதினாறு பேர் சுவரோடு வரிசையாகக் கதிரைகளில், டிவியில் சிங்கள நாடகம். ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஐந்தரைக்காம், ஏழு மணிக்கு லைட் அணைத்துவிடுவார்களாம். எல்லாரும் நன்றாகத் தூங்குவார்கள், ஒரு கரைச்சலும் இல்லை என்று பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னார். இரண்டாவது தெஹிவளை. அங்கே தமிழ் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள், பராமரிப்புக்கு நிற்கிற பிள்ளைகளில் ஒருத்தி பதுளைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. ஆனால் பழைய வீடு, அறைக்கு மூன்று பேர். மாதம் 95,000, மூன்று மாதக் காசு முற்பணம், பாம்பர்ஸும் மருந்தும் வேறு. மூன்றாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கேற்றடியிலேயே திரும்பிவிட்டேன்.

ஞாயிறு இரவு வட்ஸ்அப்பில் மூன்று பேரும் கதைப்போம். "அம்மாவை ஹோமில விட்டா சனம் என்ன கதைக்கும்?" என்றார் அண்ணா. எந்தச் சனம் என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். தங்கச்சி, "காசு எவ்வளவெண்டாலும் அனுப்புறன், நல்ல இடமாப் பார்" என்கிறாள். நல்ல இடம் என்றால் எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கட்டிலும் தரையும் என் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றது எதைப் பார்க்கவேண்டும்? வைத்துப் பார்த்த ஆட்கள் சொல்லுங்கள்.


ஜிந்துப்பிட்டியான்
திங்கள், காலை 6.05

கோபிக்கவேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் அம்மம்மா பத்து வருடம் படுக்கையில் கிடந்தார். வீட்டில் வைத்து என் அம்மாதான் பார்த்தார், ஒரு புண் வரவிடவில்லை. அந்தக் காலத்தில் ஏஜென்சி இருந்ததா, ஹோம் இருந்ததா? இதெல்லாம் வெள்ளைக்காரனின் பழக்கம். உங்கள் மனைவி கொஞ்ச நாளைக்கு வேலையை விட ஏலாதா?


மூன்றாம் மாடி
திங்கள், காலை 6.40

அம்மம்மாவைப் பார்த்த உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?


ஜிந்துப்பிட்டியான்
திங்கள், காலை 7.15

நாரி போய்விட்டது. குனிய ஏலாது. தம்பி வீட்டில் இருக்கிறார்.


ஓய்வுபெற்ற மேற்றன்
திங்கள், பின்னேரம் 2.15

தம்பி, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் 31 வருடம் நேர்ஸ், பிறகு ஆறு வருடம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். முதல் வருடம் அந்த இல்லத்தையும் ஒரு வார்டாகத்தான் நடத்தினேன். ஆறு மணிக்குக் குளிப்பு, ஏழுக்குச் சாப்பாடு, எல்லாருக்கும் ஒரே துணியில் தைத்த கவுண், நகம் வெட்டுகிற நாள் வெள்ளி. ஒரு அம்மா "வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது பிள்ளை" என்று கையை இழுத்துக்கொண்டார். அட்டவணையில் வெள்ளி என்று கிடந்தது, வெட்டினேன். ஆஸ்பத்திரி என்றால் நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் எங்கே போவார், அவருடைய வீடே அதுதான். அந்தக் கை இன்னும் எனக்கு நினைவில் நிற்கிறது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். காலையில் போய்ப் பார்க்காதீர்கள், காலையில் எல்லா இடமும் வடிவாகத்தான் இருக்கும். சொல்லாமல் பின்னேரம் நாலரை மணிக்குப் போங்கள். மறதி உள்ள ஆட்களுக்கு அந்த நேரம்தான் பெரும்பாலும் அந்தரம் தொடங்கும், "வீட்டை போகவேணும்" என்று கேற்றடிக்கு வருவார்கள். அப்போது அங்கே நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அதட்டுகிறார்களா, கையைப் பிடித்து முற்றத்தில் ஒரு சுற்று நடத்துகிறார்களா? ஏழு மணிக்கே எல்லாரும் தூங்கிவிடுவார்கள் என்று சொல்கிற இடத்தில், என்ன குளிசை கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர்க் கோப்பை கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா பாருங்கள். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டுவதாகச் சொல்வார்கள், அதை எழுதுகிற கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பகலில் ஐந்து பேர் ஓடித் திரிகிற இடத்தில் இரவு ஒரு சின்னப் பிள்ளை தனியாக நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

பதிவுச் சான்றிதழ் கேட்க வெட்கப்படவேண்டாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி இல்லங்கள் பதிவு செய்யவேண்டும். பத்தரமுல்லை செத்சிரிபாயவில் தேசிய முதியோர் செயலகம் இருக்கிறது, உங்கள் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். அதே சட்டத்தில், பிள்ளைகள் பார்க்காவிட்டால் பெற்றோர் பராமரிப்புக் காசு கேட்டுப் போகிற சபை ஒன்றும் உண்டு. உங்கள் அண்ணாவுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவிடுங்கள்.

மொழி விடயம். நான் இருந்த இல்லத்தில் பராமரிக்கிற பிள்ளைகள் முக்கால்வாசி சிங்களம், இருந்தவர்களில் பாதி தமிழ். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதினேன். இடப்பக்கம் அவர் வாயில் வருகிற சொல், வருகிற மாதிரியே, சிங்கள எழுத்தில். வலப்பக்கம் அதைக் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்பது. சொல்லுக்குப் பொருள் எழுதிப் பிரயோசனம் இல்லை, உங்கள் லிப்ற் கதையே அதற்குச் சாட்சி. 'வெளிக்கு' என்றால் கக்கூசுக்கு, கெதியாக. 'ஒண்டுக்கு' என்றாலும் அங்கேதான். 'நாரி நோகுது' என்றால் தலையணையை நாரிக்குக் கீழே வை. 'விறைக்குது' என்றால் முதலில் தொட்டுப் பார், பிறகு போர்வை. 'அந்தரமாக் கிடக்கு' என்பதற்கு மட்டும் எனக்குச் சிங்களம் வரவில்லை. 'பக்கத்தில் இரு, கையைப் பிடி' என்று எழுதினேன். தாளைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டவேண்டாம், வருகிறவர் போகிறவர் எல்லாம் வாசிப்பார்கள். அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பதுளைப் பிள்ளைக்கும் அந்தத் தாள் வேண்டும். அவளுடைய தமிழ் வேறு, உங்கள் அம்மாவின் தமிழ் வேறு.

பிறகு, அம்மா அங்கே பகல் முழுக்க என்ன செய்வார் என்று கேட்டீர்களா? எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது உங்கள் விருப்பம், விரும்பினால் ஒரு செடியை எடுத்து நீங்களே வளருங்கள் என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது நேர்ஸ்மாரின் வேலை என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடி ஆட்கள் சுறுசுறுப்பாகவும் சந்தோசமாகவும் மாறியிருந்தார்கள். வித்தியாசம் இவ்வளவுதான், யார் முடிவெடுக்கிறார், யார் தண்ணீர் ஊற்றுகிறார்.

எங்களிடம் செடி இருக்கவில்லை, முருங்கையிலை இருந்தது. முந்தி வங்கியில் வேலை செய்த ஒரு அம்மா, வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடி இருப்பார். சமையல்காரி ஒரு நாள் ஒரு கட்டு முருங்கையிலையைக் கொண்டுவந்து அவர் மடியில் சுளகோடு வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஏசப் போனேன். ஒன்றரை மணித்தியாலம் எடுத்து, ஒரு நெட்டு இல்லாமல் ஆய்ந்து வைத்திருந்தார். சமையல்காரிக்கு அது அரை மணித்தியால வேலை, உதவியே இல்லை. ஆனாலும் அடுத்த நாள் தேத்தண்ணி குடித்த கையோடு அந்த அம்மா குசினி வாசலில் வந்து நின்று "இண்டைக்கு என்ன ஆயுறது?" என்று கேட்டார். உங்கள் அம்மா தையல் ரீச்சர். ஊசி தரமாட்டார்கள், பயம். பட்டனும் துணியும் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

காசில்லாத ஆட்கள் இதை வாசித்தால், மருதானைப் பக்கம் டாலி வீதியில், இப்போது ரி.பி. ஜாயா மாவத்தை, லிற்றில் சிஸ்டர்ஸ் ஒஃப் த புவர் சபைக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம் இருக்கிறது. 1888இல் கொழும்புக்கு வந்தவர்கள். ஏழை முதியவர்களுக்கான இடம், சமயம் பார்ப்பதில்லை. மறதி நோய் பற்றி வீட்டுக்காரருக்கு ஆலோசனை வேண்டுமென்றால் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் கொழும்பில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். அண்ணா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன சொன்னார்?


கால்வாய்க்கரை
திங்கள், இரவு 9.30

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன், இங்கே பராமரிப்புத் துறையில்தான் வேலை. வேஸ்ப் என்ற ஊரில் ஹோகவேய்க் என்று மறதி நோயாளருக்கான ஒரு குடியிருப்பு 2009இலிருந்து இயங்குகிறது. வார்டு கிடையாது, ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்பார்கள், அந்தந்த வீட்டில் சமையல் நடக்கும், உள்ளுக்குள்ளேயே கடை, தேத்தண்ணிக்கடை, தெரு எல்லாம் உண்டு. ஊழியருக்குச் சீருடை இல்லை. ஆட்களை அவரவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஏற்ற வீடுகளில் விட்டார்கள். தொடக்கத்தில் இருந்த வகைகளில் ஒன்று, இந்தோனேசியாவில் பிறந்து வளர்ந்து இங்கே வந்த ஆட்களுக்கானது, சோறும் சம்பலும் அந்தப் பழக்கவழக்கமும். மேற்றன் அக்கா சொன்ன தாளை வாசித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் இதைச் சொல்லி உங்களை ஏங்கவைக்க விருப்பமில்லை. இங்கே இந்தச் செலவில் பெரும்பங்கை நாட்டின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி கட்டுகிறது. கொழும்பில் மகனும் மகளும் கட்டவேண்டும்.


அறை 12
செவ்வாய், காலை 5.10

எல்லாரும் இல்லத்தைப் பற்றி வெளியில் நின்று எழுதுகிறீர்கள். நான் உள்ளே இருக்கிற ஆள். வயது 78, ரெயில்வேயில் இருந்து இளைப்பாறியவன், மனுசி போனபிறகு இரத்மலானை வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நானாகவே வந்தேன். பேரன் தந்த ரப்பில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் அவன் பொறுப்பு.

நல்லதைச் சொல்கிறேன். இங்கே சண்டை பிடிக்க ஆள் உண்டு. தனி வீட்டில் இரண்டு வருடம் நான் சண்டை பிடித்தது பல்லியோடு. இங்கே வீரகேசரி ஒன்றுதான் வரும், வாசிக்க ஏழு பேர். முதல் கை யாருக்கு என்பதில் தினமும் ஒரு வழக்கு. தமிழ்ச் சங்க நூலகத்துக்கு மாதத்தில் இரண்டு தரம் ஓட்டோவில் போகிறோம், 57ஆம் ஒழுங்கைதானே, தூரமில்லை. போய் வந்தால் இரண்டு நாளைக்குக் கதை இருக்கும். இரவில் நெஞ்சு நோவு வந்தபோது 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுத்தது பக்கத்துக் கட்டில்காரர். வீட்டில் என்றால் காலையில் பால்காரன்தான் கண்டுபிடித்திருப்பான்.

கெட்டது, சாவி. எந்தக் கதவுக்கும் என்னிடம் சாவி இல்லை. அறுபது வருடம் இடுப்பில் சாவி கொளுவிய ஆளுக்கு அது பெரிய விசயம், சொன்னால் சிரிக்கிறார்கள். இரண்டாவது, தானச் சாப்பாடு. பிறந்தநாள், திவசம், வெளிநாட்டு மகனுக்குப் பிள்ளை கிடைத்தது என்று ஆட்கள் நாள் பதிந்து சாப்பாடு கொண்டுவருவார்கள். நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எல்லாருக்கும் சனி ஞாயிறுதான் வசதி. சனி பகல் பிரைட் ரைஸ், சனி இரவு பிரைட் ரைஸ், ஞாயிறு பிரியாணி, வயிறு என்ன சொல்லும்? வரிசையில் நிற்க வைத்துப் போட்டோவும் எடுப்பார்கள். போன மாதம் ஒரே கிழமையில் நாலு குடும்பத்தின் பேஸ்புக்கில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். செவ்வாய், புதன் ஒரு குருவி வராது.

தம்பி, அம்மாவை எங்கே விட்டாலும் செவ்வாய்க்கிழமை போங்கள். கேக் வேண்டாம். சும்மா போய் இருங்கள்.

மேற்றன் அம்மாவுக்கு ஒன்று, எங்கள் இடத்தில் நகம் வெட்டுவது இன்னும் வெள்ளிதான்.


யாழ்தேவி
செவ்வாய், இரவு 8.00

நாங்கள் அப்பாவை ஊருக்கே கொண்டுபோனோம். மொழிப் பிரச்சினை இருக்காது என்றுதான். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது, இப்போது தனியார் இடங்களும் சில உண்டு. அப்பாவைத் தனியார் இடம் ஒன்றில் விட்டோம். அங்கே ஒரு சொல்லும் விளக்கத் தேவையில்லை, ஒடியல் கூழ்கூடக் கிடைக்கும். ஆனால் நான் கொழும்பில். 2014இல் பாதை திறந்தபிறகு ரெயில் இருக்கிறதுதான், என்றாலும் போய் வர ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போய்விடும். மாதம் ஒரு தரம் என்று தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஆனது. அவருக்கு அங்கே கதைக்க ஆள் இருந்தது, நான் இல்லை. எது நல்லது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நீங்கள் கிட்டப் பாருங்கள்.


மூன்றாம் மாடி
ஏழு வாரத்துக்குப் பிறகு, புதன், இரவு 10.50

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாதது, மேற்றன் அக்காவின் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததால். அம்மாவை நான் கேட்டிருக்கவே இல்லை. கேட்டு என்ன, விளங்காது என்று நானே முடிவெடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குக் காலை ஒன்பது மணிக்கு, தேத்தண்ணிக்குப் பிறகு, ஒரு அரை மணித்தியாலம் தெளிவாக இருக்கும். ஒரு போயா நாள் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்து, "அம்மா, உங்களுக்கு எப்பிடி வீடு வேணும்?" என்று கேட்டேன். உடனே சொன்னார்: "லிப்ற் இல்லாத வீடு." இத்தனை வருடம் வருகிறவர் எல்லாரிடமும் அவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். நாங்கள் வருத்தத்தின் குணம் என்று சிரித்துவிட்டு இருந்தோம்.

தெஹிவளைக்கு நாலரை மணிக்குச் சொல்லாமல் போனேன். கேற்றடியில் ஒரு ஐயா "பஸ் போயிடும், பஸ் போயிடும்" என்று நிற்க, பதுளைப் பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜம்பு மரத்தைச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தாள். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருந்தது. இரவுக்கு இரண்டு பேர். இரண்டு கிழமை பார்ப்போம் என்று கதைத்தோம், ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நாலு நாள் சரியாக இல்லை. சாப்பிடவில்லை, என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நாலாம் நாள் இரவு கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று காரில் ஏறிப் பாதி வழி போய், மனைவி சொல்லித் திரும்பினேன். தாள் எழுத ஞாயிறு வட்ஸ்அப்பில் மூன்று பேரும் சேர்ந்தோம். நான் பன்னிரண்டு சொல்லோடு நின்றுவிட்டேன். அண்ணாதான், 'சத்தி வருது', 'வயித்துக்க ஏதோ செய்யுது', 'கண்ணைக் கட்டுது' என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார். 31 சொல் வந்தது. சனம் என்ன கதைக்கும் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. சிங்கள எழுத்தில் எழுதித் தந்தது முந்தி எங்களிடம் இருந்த கேகாலை அம்மாதான், போனில் கேட்டுக் கேட்டு எழுதினார். 'வெளிக்கு' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

அம்மாவின் பழைய பிஸ்கட் ரின் ஒன்று, நீல நிறம், பட்டன் நிறைய. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறம் பார்த்து, ஓட்டை எண்ணிப் பிரித்துக்கொண்டு இருக்கிறார். பதுளைப் பிள்ளை தன் சட்டைக்குப் பட்டன் தைக்கிற சாட்டில் பக்கத்தில் போய் இருப்பாளாம். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுத்தால் ஏச்சு விழும். "நீட்டு நூல் எடுக்கிறது சோம்பேறி" என்றாராம். இப்போது அந்தப் பிள்ளை அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள், மற்றவர்களும் அப்படியே.

எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். அறைக்கு மூன்று பேர்தான், பக்கத்துக் கட்டில் அம்மா இரவில் சத்தம் போடுவார். ஒரு கம்பளிச் சட்டை துவைக்கப் போய்த் திரும்பி வரவில்லை. பூசணிக்காய் கிழமையில் நாலு நாள். பாம்பர்ஸ், மருந்து எல்லாம் சேர்த்துப் போன மாதம் 1,18,000 வந்தது, மூன்றாகப் பிரித்தோம்.

செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன், அறை 12 ஐயா சொன்னபடி. நேற்றும் போனேன். என்னைக் கண்டதும், "லிப்ற் வேலை செய்யுதோ?" என்றார்.

"இங்க லிப்ற் இல்லை அம்மா, நிலத்தோட வீடு" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப படலை திறந்தோ கிடக்கு?"

பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கித் திறந்து, அம்மாவைத் தெருமுனைக் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். வோக்கர் கல்லில் இடறி இடறி, போக இருபது நிமிடம், வர அரை மணித்தியாலம். கடையில் நூல்கட்டை கேட்டார். வெள்ளை இருந்தது, அவருக்குக் கறுப்புத்தான் வேணுமாம்.